மாலையில் வலிக்கும் செயற்கைக்கால்: மாற்றுவதா, சரிசெய்வதா?

நீர்வேலியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்துச் சொல்கிறேன். நீரிழிவுப் புண் ஆறாத காரணத்தால் அவருடைய தகப்பனாரின் வலது கால் பத்து மாதங்களுக்கு முன்னர் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. செயற்கைக்கால் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. தொடக்கத்தில் வாழைத்தோட்டம் வரை நடந்து போய் வந்தவர், இப்போது மத்தியானத்துக்குப் பிறகு எலும்பின் நுனி வலிக்கிறது என்றும், கால் நீளம் குறைந்து கட்டையாகிவிட்டதுபோல் இருக்கிறது என்றும் சொல்லி அதைக் கழற்றி வைத்துவிடுகிறார். சிலிக்கன் உறையோடு கூடிய விலை கூடிய கால் ஒன்றைக் கொழும்பில் வாங்கினால் எல்லாம் தீரும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா என்பது எழுதப்பட்ட கேள்வி. உண்மையில் அறிய வேண்டியது அதற்கு முந்தியது: ஐந்து மாதத்துக்கு முன் பொருந்திய கால் இன்று பொருந்தாமற் போனதற்குக் காரணம் அந்தக் காலா, அவருடைய உடம்பில் ஏற்பட்ட மாற்றமா? இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் எந்தக் காலை வாங்கினாலும், சில மாதங்களில் இதே வலியோடு இதே கேள்வியைக் கேட்க நேரும்.

யாழ்ப்பாணத்தில் செயற்கை அவயவங்களைப் பொருத்துவதும் திருத்துவதும் நெடுங்காலமாக என் தொழிலாக இருப்பதனால் இதற்குப் பதில் எழுதுகிறேன். ஆயினும் உங்கள் தகப்பனாரின் காலை நான் பார்க்கவில்லை, தொட்டு அழுத்திப் பார்க்கவில்லை, அவர் நடப்பதையும் காணவில்லை. ஆகவே கீழே சொல்வதில் எது உறுதியானது, எது நேரில் பார்த்த பிறகே தீர்மானிக்கக்கூடியது என்பதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிட்டுச் செல்கிறேன்.

உறுதியானது இது. அகற்றப்பட்ட காலின் எஞ்சிய பகுதி முதல் ஓராண்டில், சிலருக்கு ஒன்றரை ஆண்டு வரையிலும், தொடர்ந்து சுருங்கிக்கொண்டே வரும். அறுவைச் சிகிச்சையால் ஏற்பட்ட வீக்கம் வடிகிறது. பாதத்தை அசைப்பதற்காக இருந்த தசைகளுக்கு இனி வேலை இல்லாததால் அவை மெலிகின்றன. செயற்கைக்காலின் அழுத்தமும் சேர்ந்து மென்பகுதிகளை இறுக்குகிறது. பத்தாவது மாதத்தில் இருக்கும் ஒருவருக்கு ஐந்தாவது மாதத்தில் எடுத்த அளவு பெரிதாகத் தெரிவது இயல்பு. செய்தவரின் குறையென்றோ அணிபவரின் குறையென்றோ அதைக் கொள்ள வேண்டியதில்லை. இதற்கு மேல் நாளாந்த மாற்றமும் உண்டு. காலையில் எழும்போது எஞ்சிய கால் சற்றுப் பருத்திருக்கும். செயற்கைக்காலைப் போட்டு நடக்க நடக்க, உள்ளிருக்கும் நீர் அழுத்தத்தால் வெளியேறி, மாலைக்குள் அது கொஞ்சம் மெலிந்துவிடும். காலையில் இறுக்கமாக ஏறிய கால் பின்னேரம் தளர்வதற்கு இதுவே காரணம். நீரிழிவோடு சிறுநீரகப் பிரச்சினையோ இருதயப் பிரச்சினையோ இருந்து, நீர் போவதற்கான மாத்திரைகள் எடுப்பவராயின் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடுதலாக இருக்கும். ஒரே நாளில் மிகப் பெரிய மாற்றம் தெரிந்தால் அதை எங்களுக்கு மட்டுமன்றி அவருடைய வைத்தியருக்கும் சொல்ல வேண்டும்.

இது ஏன் எலும்பின் நுனியில் வலியாக வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள, எஞ்சிய கால் உள்ளே போய் அமரும் பகுதியை, அதாவது நாங்கள் சொக்கெற் என்று சொல்லும் பகுதியை, சற்று அறிய வேண்டும். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்களுக்கு இங்கே பெரும்பாலும் செய்யப்படும் சொக்கெற், உடம்பின் பாரத்தை நுனியில் தாங்குவதற்காக அமைக்கப்பட்டதன்று. முழங்காற் சில்லுக்குக் கீழே விரலால் அழுத்தினால் உறுதியான ஒரு தசைநாண் தட்டுப்படும். பாரத்தின் பெரும் பங்கை அதுவும், முன்னெலும்பின் உட்பக்கச் சரிவும், எலும்பின் இருமருங்கிலும் உள்ள தசைகளும் தாங்க வேண்டும். பின்னாலிருந்து முழங்கால் மடிப்பின் கீழ்ப்பகுதி எதிரழுத்தம் கொடுத்துக் காலைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். மாறாக, முன்னெலும்பின் கூர்விளிம்பும், அதன் வெட்டப்பட்ட நுனியும், வெளிப்பக்கத்துச் சிறு எலும்பின் தலையும் அழுத்தம் தாங்கமாட்டா. பிளாஸ்ரரில் அச்செடுத்த பிறகு, தாங்கக்கூடிய இடங்களில் அந்த அச்சைச் செதுக்கிக் குறைத்தும், தாங்காத இடங்களில் பிளாஸ்ரரைச் சேர்த்துக் கூட்டியும் திருத்துகிறோம். பிறகு சூடாக்கிய பொலிப்புரொப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி எடுத்து வடிவமைக்கிறோம். அந்தத் திருத்தங்கள் ஒவ்வொன்றும் எஞ்சிய கால் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் நின்றால் மட்டுமே தமக்குரிய இடத்தில் வந்து பொருந்தும். கால் மெலிந்து ஒரு சென்ரிமீற்றர் கீழே இறங்கினாலும், தசைநாணுக்கென்று வைத்த மேடு சில்லின் அடிவிளிம்பில் இடிக்கிறது, சிறு எலும்புக்கென்று வைத்த பள்ளம் அதற்கு மேலே போய்விடுகிறது, எலும்பின் நுனி சொக்கெற்றின் அடியைத் தொடுகிறது. இறங்கிய அளவுக்குக் கால் கட்டையாகவும் ஆகிறது. நுனி வலி, கட்டைத்தன்மை என்று உங்கள் தகப்பனார் சொல்லும் இரண்டு முறைப்பாடுகளும் பெரும்பாலும் இந்த ஒரே இறக்கத்தின் விளைவுகளாக இருக்கக்கூடும். நான் இப்படிச் சந்தேகிப்பதற்கு வலுவான காரணம், வலி காலையில் இல்லாமல் பின்னேரத்தில் வருவதுதான்.

இதை வீட்டிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். வலி தொடங்கும் நேரத்தில் அவரைக் கதிரையில் இருத்தி, இரண்டு முழங்காற் சில்லுகளையும் பாருங்கள். செயற்கைக்காலின் முன்விளிம்பு காலையில் சில்லின் எந்த மட்டத்தில் இருந்ததோ, அதைவிட மேலே ஏறியிருப்பதாகத் தெரிந்தால் கால் உள்ளே இறங்கியிருக்கிறது. அடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலில் மெல்லப் பாரம் போட்டு அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். அசையாமல் நிற்கும்போதே நுனி வலித்தால் இறக்கம் என்று எடுத்துக்கொள்வதற்கு அது இன்னொரு காரணம். பிறகு காலைக் கழற்றி, எஞ்சிய காலின்மேல் அணியக் கிளினிக்கில் தந்த பருத்திச் சொக்ஸில் மெல்லியது ஒன்றைக் கூடுதலாகப் போட்டு மீண்டும் அணியச் செய்யுங்கள். ஒன்று போட்டு ஐந்து நிமிடம் நடந்து பார்த்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு மூன்றை ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. சொக்ஸில் சுருக்கமோ தையலோ எலும்பின்மேல் வரக்கூடாது. கூடுதல் சொக்ஸ் போட்டவுடன் வலியும் குறைந்து, காலின் உயரமும் சரியானதாக அவர் உணர்ந்தால், காரணம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். அதன் பிறகு காலையில் எத்தனை, மத்தியானத்தில் எத்தனை, பின்னேரத்தில் எத்தனை என்பதை ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதி வையுங்கள். அந்தக் கொப்பி எங்களுக்கு எந்தக் கருவியையும்விடக் கூடுதலாகச் சொல்லும். சொக்ஸ் அளவுக்கு மிஞ்சுவதும் தீங்கானதே. அப்போது எஞ்சிய கால் முழுமையாக உள்ளே இறங்காமல் நுனியில் வெற்றிடம் உண்டாகும். அந்த இடத்தில் இரத்தம் தேங்கித் தோல் கருஞ்சிவப்பாகி, நாளடைவில் தடித்துச் சொரசொரப்பாகிவிடும். அடிப்பகுதியில் மென்மையான தொடுகை இருக்க வேண்டும், பாரம் இருக்கக்கூடாது.

இனி ஐயத்துக்குரியதைச் சொல்கிறேன். நிற்கும்போது வலியில்லாமல், அடியெடுத்துக் குதி நிலத்தில் ஊன்றும் கணத்தில் மட்டும் நுனியின் முன்பக்கம் வலிக்குமானால், காரணம் வேறாக இருக்கலாம். குதி மிகவும் கடினமாக இருந்தாலோ, பாதம் சொக்கெற்றுக்குச் சரியான இடத்தில் வைக்கப்படாமல் இருந்தாலோ, முழங்கால் முன்னோக்கித் தள்ளப்பட, அதைத் தடுக்க முயலும் முன்னெலும்பின் நுனி சொக்கெற்றின் முன்சுவரில் மோதும். காலைத் தொடையோடு பிடித்திருக்கும் வார் தளர்ந்திருந்தாலும் ஒவ்வொரு அடிக்கும் எஞ்சிய கால் மேலும் கீழுமாக அசைந்து உரசும். இவற்றை எழுத்தில் படித்துப் பிரித்தறிய முடியாது. நடக்கவைத்து, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வலிக்கும் புள்ளியில் உதட்டுச்சாயத்தைப் பூசிக் காலை அணியவைத்துக் கழற்றினால், சொக்கெற்றின் உள்ளே இருக்கும் நுரை உறையில், அதாவது லைனரில், எங்கே தடம் பதிகிறது என்பதைக் கொண்டு அழுத்தம் விழும் இடத்தைத் துல்லியமாகக் காணலாம். சொக்கெற்றின் அடியில் மெதுவான களிமண் உருண்டை ஒன்றை வைத்து, அது நசுங்கும் அளவைக் கொண்டு நுனிக்கும் அடிக்கும் உள்ள இடைவெளியை அளக்கலாம். இரண்டும் எளிய சோதனைகள். கிளினிக்கில் செய்யுமாறு நீங்களே கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

திருத்தும் வரிசையைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பல கால்கள் கெட்டுப்போவது இதில்தான். முதலில் சொக்கெற்றின் பொருத்தம், அடுத்து அது கழன்று வராமல் பிடித்திருக்கும் முறை, அதன் பிறகு உயரம், கடைசியாகப் பாதத்தின் கோணமும் இடமும். கால் கட்டையாக இருக்கிறது என்று அணிபவர் சொன்னவுடன் சொக்கெற்றையும் பாதத்தையும் இணைக்கும் குழாயின் நீளத்தைக் கூட்டிவிட்டால் அன்றைக்கு நிமிர்ந்து நடப்பார். ஆனால் இறக்கம் அப்படியே இருக்கும், நுனி வலியும் தொடரும். பிறகு யாராவது சொக்ஸ் சேர்த்துப் பொருத்தத்தைச் சரிசெய்யும்போது அதே கால் நெட்டையாகிவிடும், இடுப்பைத் தூக்கி நடக்க வேண்டி வரும், நாரி நோகும். அப்படித் தூக்கி நடப்பது சாதாரண விடயமன்று. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இழந்தவர் நடப்பதற்குச் செலவிடும் சக்தி, இரு கால்களும் உள்ளவரைவிட 25 வீதம் அளவில் கூடுதல் என்றும், இரத்தோட்டக் குறைவினால் கால் இழந்தவர்களுக்கு அது 40 வீதம் வரை போகும் என்றும் எங்கள் பாடநூல்கள் சொல்கின்றன. நீரிழிவுள்ள, வயது சென்ற ஒருவரிடம் வீணாக்குவதற்கு மிச்சச் சக்தி கிடையாது. ஆகவே உயரத்தைத் தொடுமுன் சொக்கெற்றைப் பாருங்கள் என்று பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். குழாயும் இணைப்பும் உள்ள காலானால் கோணத்தை மாற்றும் திருகாணிகள் வெளியே தெரியும்; அவற்றை வீட்டிலோ பக்கத்துச் சைக்கிள் கடையிலோ திருக விடவேண்டாம். அரைச் சுற்றுத் திருகலே முழங்காலை மடக்கி ஆளை விழுத்தப் போதும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு விடயமும் இதில் உண்டு. செயற்கைப் பாதம் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட குதி உயரத்துக்கென்று செய்யப்படுகிறது. சப்பாத்துக்கென்று செய்த பாதத்தை வெறுங்காலாக நிலத்தில் வைத்தால் கால் பின்னோக்கிச் சரிந்து முழங்காலைப் பின்னால் தள்ளும். வெறுங்காலுக்கென்று செய்த பாதத்தில் குதி உயர்ந்த சப்பாத்தைப் போட்டால் முழங்கால் முன்னால் மடியப் பார்க்கும். நாங்களோ வீட்டுக்குள் வெறுங்காலாகவும், தோட்டத்துக்கு இறப்பர்ச் செருப்போடும், கலியாண வீட்டுக்குத் தோற்செருப்போடும், நல்லூர்த் திருவிழாவில் சுடுமணலில் மறுபடி வெறுங்காலாகவும் நடப்பவர்கள். ஜெய்ப்பூர்ப் பாதம் இந்தப் பிரதேசத்தில் இவ்வளவு விரும்பப்பட்டதற்கு இதுவே முக்கிய காரணம். கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பியல் வைத்தியர் பி. கே. சேத்தியும் 1968 அளவில் ஜெய்ப்பூரில் உருவாக்கிய அந்த இறப்பர்ப் பாதம், வெறுங்காலோடு வயலில் நிற்பவரையும் சப்பாணி கட்டி இருப்பவரையும் மனதிற்கொண்டு செய்யப்பட்டது. உங்கள் தகப்பனாருக்குப் போட்டிருப்பது எந்தப் பாதம் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாயினும், அவர் ஒரு நாளில் அதிகநேரம் எதை அணிகிறார் என்பதைச் சொல்லி அதற்கேற்பக் கோணத்தை வைக்கச் செய்யுங்கள். மற்றைய செருப்புகளையும் அதே குதி உயரத்தில் பார்த்து வாங்குங்கள். தோட்டத்துக்குப் போய் வந்தால் பாதத்தையும் கணுப்பகுதியையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். உள்ளிருக்கும் நுரை லைனரைச் சித்திரை வெயிலில் காயப்போட வேண்டாம், சூட்டில் அது சுருங்கிவிடும்.

சிலிக்கன் உறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நல்ல பொருள்தான்; மெல்லிய தோலுள்ளவர்களுக்கு உரசலைக் குறைக்கும். ஆனால் அதன் தடிப்பு வேறு என்பதனால் இப்போதுள்ள சொக்கெற்றுக்குள் அதைப் போட்டு நடக்க முடியாது. சொக்கெற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். எங்கள் வெக்கையில் அதற்குள் வியர்வை தேங்கும், தினமும் கழுவ வேண்டும், காற்றுக்குமிழி இல்லாமல் உருட்டி ஏற்றக் கைவிரல்களில் பலமும் உணர்ச்சியும் வேண்டும். அடிக்கடி மாற்ற வேண்டிய பொருள் என்பதையும் வாங்குமுன் கணக்கில் எடுங்கள். எஞ்சிய கால் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும் பத்தாவது மாதத்தில் இவ்வளவு செலவழிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். இப்போதைக்கு, சொக்கெற்றுக்கும் லைனருக்கும் நடுவில், எலும்பின் இருமருங்கிலும் முழங்கால் மடிப்பின் கீழும் நுரைத்தாள் துண்டுகளை ஒட்டியே பல மாதங்களைக் கடத்தலாம். சொக்ஸின் மொத்தத் தடிப்பு 10 பிளையை (பிளை என்பது சொக்ஸின் தடிப்பைச் சொல்லும் அளவு) தாண்டி 15ஐ நெருங்கினால், ஒட்டுவேலையால் பயனில்லை. புதிய அச்செடுத்துப் புதிய சொக்கெற் செய்ய வேண்டும். அப்போதும் பாதமும் குழாயும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே பயன்படுத்தலாம், முழுக்காலையும் மாற்றத் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது நீரிழிவு. போர்க்காலத்திலும் அதை அடுத்தும் எங்களிடம் வந்தவர்களிற் பலர் மிதிவெடியில் கால் இழந்த இளவயதினர். அவர்களுடைய எஞ்சிய காலில் தழும்பும் உலோகச் சிதறலும் இருந்தாலும் இரத்தோட்டம் நன்றாக இருந்தது, வலியும் தெரிந்தது. எங்கே அழுத்துகிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார்கள். நீரிழிவு உள்ளவருக்கு நரம்புகள் மரத்திருந்தால் வலி ஓர் எச்சரிக்கையாக வராமலே போகலாம். உங்கள் தகப்பனாருக்கு வலி தெரிகிறது என்பது ஒரு வகையில் நல்ல செய்தி. ஆனால் வலி தெரியாத இடங்களும் அதே காலில் இருக்கக்கூடும். ஆகையால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கைக்கண்ணாடி ஒன்றைப் பிடித்து, நுனியையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாரம் தாங்கும் இடங்களில் சிவந்திருந்து பத்து நிமிடத்துக்குள் மறைந்தால் பயமில்லை. எலும்பின்மேல் சிவந்து அரை மணித்தியாலமாகியும் மறையாவிட்டால், சரிசெய்யும் வரை அந்தக் காலைப் போடக்கூடாது. இரவில் மென்சவர்க்காரத்தால் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். அணிவதற்கு முன் எண்ணெய், பூச்சு, பவுடர் எதுவும் வேண்டாம். கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் சாய்மனைக் கதிரையில் முழங்காலை மடக்கித் தலையணை வைத்து இருப்பது அவருக்கு இதமாக இருக்கும், ஆனால் முழங்கால் அப்படியே மடிந்து இறுகிவிட்டால் எந்தக் காலும் ஒழுங்காகப் பொருந்தாது. நீட்டி வைக்கச் சொல்லுங்கள். இடது பாதத்தையும் அதே கண்ணாடியால் நாள்தோறும் பாருங்கள். இப்போது அது இரண்டு கால்களின் வேலையைச் செய்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இலவசமாகவோ சிறு தொகைக்கோ கால் பெற்றவர்கள், அது வலிக்கிறது என்று திரும்பி வந்து சொல்லக் கூச்சப்படுகிறார்கள். தந்தவர்களைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும் என்று நினைத்து, கட்டிலின் கீழே காலை வைத்துவிட்டு ஊன்றுகோலோடு நடக்கிறார்கள். உங்கள் தகப்பனாரும் அப்படிப்பட்டவராக இருந்தால், திரும்பி வருவது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் பல தடவை வர வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் நாங்கள் கால் கொடுக்கிறோம்.

போகும்போது பின்னேர நேரம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கிளினிக்குகள் காலையில் நடப்பதனால், கால் நன்றாகப் பொருந்தும் வேளையில் வந்து, இரண்டு தடவை நடந்து காட்டி, குறையொன்றும் தெரியாமல் திரும்புகிறவர்கள் உண்டு. காலை நேரந்தான் கிடைக்கும் என்றால், அன்று விடியவே காலைப் போட்டு வளவுக்குள் வழக்கம்போல் நடமாடிவிட்டு வரச் செய்யுங்கள். அவர் பாவிக்கும் சொக்ஸ் அத்தனையும், தோட்டச் செருப்பும், எழுதி வைத்த கொப்பியும், எடுக்கும் மாத்திரைகளின் பெயர்களும் கையில் இருக்கட்டும். நுனியில் கொப்புளமோ தோல் உரிவோ கண்ணில் பட்டால் மட்டும் இந்தச் சோதனைகளுக்கும் கொப்பிக்கும் காத்திராமல், காலைக் கழற்றி வைத்துவிட்டு, கொப்புளத்தை உடைக்காமல், ஊன்றுகோலோடு அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்; எங்களிடம் அதன் பிறகு வரலாம்.